பை போனது, பித்தம் போகவில்லை

பித்தப்பையை அறுவை செய்து எடுத்தபின் வீடு திரும்புகிறவரிடம் சொல்லி அனுப்பும் வாசகம் அநேகமாக எல்லா மருத்துவமனையிலும் ஒன்றுதான்: "அது இல்லாமலே நன்றாக வாழலாம். எப்போதும்போல் சாப்பிடலாம்." பெரும்பாலோருக்கு இது உண்மை. ஆறேழு வாரத்தில் ஆபரேஷனையே மறந்துவிடுவார்கள். ஆனால் ஒரு சிலர் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறார்கள். கல்யாணப் பந்தியில் உட்காரவே பயமாக இருக்கிறது, இலையை மூடுவதற்குள் கழிவறையைத் தேட வேண்டியிருக்கிறது என்கிறார் ஒருவர். இன்னொருவருக்கு எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், ஏப்பம், வாயில் கசப்பு. மூன்றாமவருக்கு, எந்த வலிக்காகக் கத்தி வைத்துக்கொண்டாரோ அந்த வலி அப்படியே இருக்கிறது. மூவருக்கும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "கேஸ் ட்ரபிள்" என்பதும், அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரையும்தான். இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. அதிலும் முதலாமவருடைய தொல்லைக்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. அது அவர் காதுக்குப் போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் ஆகிவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

பித்தப்பையில் பித்தநீர் சுரப்பதில்லை. சுரப்பது கல்லீரல், நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே. நாம் சாப்பிடாத நேரத்தில் வரும் பித்தநீரை வாங்கி, அதிலுள்ள நீரையும் உப்பையும் உறிஞ்சி, பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கொழுப்பு கலந்த உணவு இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்கு இறங்கியதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. 1928இல் ஆண்ட்ரூ ஐவியும் எரிக் ஓல்ட்பெர்கும் கண்டறிந்த ஹார்மோன் இது. அதன் உத்தரவில் பித்தப்பை சுருங்குகிறது; பித்தநாளத்தின் வாயைக் காக்கும் சுருக்குத்தசை தளர்கிறது; சேர்த்து வைத்த பித்தநீர் உணவின் மேல் வந்து இறங்குகிறது. அதிலுள்ள பித்த அமிலங்கள் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்க, கணையத்தின் நொதி அவற்றைச் செரிக்கிறது.

பையை எடுத்துவிட்டால் ஆற்றில் வரும் தண்ணீர் அப்படியேதான் வரும். ஏரி மட்டும்தான் இல்லை. விதைப்புக்கு வேண்டும் என்று தேக்கி வைக்கவும் முடியாது, வேண்டாத நேரத்தில் நிறுத்தவும் முடியாது. பித்தநீர் இரவும் பகலும் கசிந்து குடலுக்குள் இறங்கியபடி இருக்கும். ஆக, இழந்தது பித்தநீரை அல்ல, அது வந்து சேரும் நேரத்தின் மீதிருந்த பிடியை. கொழுப்பு செரிக்காமல் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். இவர்களுக்குக் கொழுப்பு கிட்டத்தட்ட இயல்பாகவே உட்கிரகிக்கப்படுகிறது. மலம் எண்ணெய்ப்பிசுக்கோடு, கடும் நாற்றத்தோடு, நீரில் மிதந்துகொண்டே இருக்கிறது என்றால் பித்தப்பையைக் குறை சொல்வதைவிடக் கணையத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பித்தப்பை இல்லாமலும் உயிர் வாழலாம் என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே நாய்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. குதிரைக்கும் எலிக்கும் புறாவுக்கும் யானைக்கும் பிறவியிலேயே அந்தப் பை கிடையாது. இதையெல்லாம் யோசித்துத்தான் பெர்லினின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்பூக் 1882 ஜூலை 15 அன்று, 16 ஆண்டுகளாக வலியில் துடித்துக்கொண்டிருந்த 43 வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக எடுத்தார். அதுவரை அறுவை மருத்துவர்கள் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லை எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது லாங்கன்பூக்கின் வாதம். அந்த வாதம் இன்றும் நிற்கிறது. குதிரையைக் காட்டி மனிதனுக்குச் சமாதானம் சொன்னதில் மட்டும் ஒரு சிறு ஓட்டை உண்டு. குதிரை நாளெல்லாம் புல் மேய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் பித்தநீர் அதற்குப் போதும். நாம் காலையில் ஒரு காபியோடு ஓடிவிட்டு, மதியம் இரண்டரை மணிக்குப் பிரியாணியின் முன் உட்காருகிறோம்.

இனி அந்த முதலாமவரின் வயிற்றுப்போக்கு. அறுவைக்குப் பின் நூற்றில் பத்து முதல் இருபது பேர் வரை மலம் இளகிப் போவதாகச் சொல்கிறார்கள். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. சிலருக்கு ஆண்டுகள் கடந்தும் நிற்பதில்லை. மலச்சிக்கலோடு இருந்த சிலர் இப்போது நிம்மதி என்று சொல்வதும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.

பித்த அமிலங்களை உடல் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவதில்லை. உடலில் இருக்கும் மொத்தக் கையிருப்பே சில கிராம்தான். கொழுப்பைச் செரித்து முடித்ததும், சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறக்குறைய 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்கே போய்ச் சேர்கிறது. மறுபடி குடலுக்கு வருகிறது. இந்தச் சுற்று ஒரு நாளில் பல தடவை நடக்கும். பெருங்குடலுக்குள் நழுவிப் போவது சொற்பம். அந்த இழப்பைக் கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது. பித்தப்பை இருக்கும்போது இந்தச் சுற்றில் ஒரு நிறுத்தம் இருந்தது. அது போனபின் சுற்று இடைவிடாமல் ஓடுகிறது. அதனால் கடைப்பகுதியின் பிடியிலிருந்து தப்பிப் பெருங்குடலுக்குள் விழும் அளவு சிலருக்குக் கூடிவிடுகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வேதிமாற்றம் செய்து டிஆக்ஸிகோலிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. இந்த அமிலங்கள் படும்போது அது தலைகீழாக மாறித் தண்ணீரைச் சுரக்கிறது, வேகமாகவும் சுருங்குகிறது. விளைவு, தண்ணீராகவும் அவசரமாகவும் போகும் மலம். காலைப் பலகாரத்துக்குப் பிறகு இது மோசமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பித்தப்பை இல்லாதவருக்கு இரவு முழுதும் இறங்கிய பித்தநீர் சிறுகுடலிலேயே தங்கியிருக்கிறது. முதல் உணவு உள்ளே போனதும் குடல் அசைந்து அதைக் கீழே தள்ளுகிறது.

இதற்குப் பித்த அமில வயிற்றுப்போக்கு என்று பெயர். பித்தப்பை இருப்பவர்களுக்கும் இது வரும். குடல் எரிச்சல் நோய் என்று முத்திரை குத்தப்பட்டு அலைகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருப்பது இதுதான். கல்லீரலுக்குப் "போதும், இனி செய்யாதே" என்று சொல்லும் ஒரு ஹார்மோன் சிறுகுடலின் கடைப்பகுதியில் உண்டாகிறது. அறுவையோ வேறு குடல் நோயோ இல்லாமலே இந்தத் தொல்லை வந்தவர்களிடம் அந்த ஹார்மோன் குறைவாக இருப்பதை 2009இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜூலியன் வால்டர்ஸ் குழு காட்டியது. தடுப்பார் இல்லாததால் கல்லீரல் அளவுக்கு மீறிச் செய்து தள்ளுகிறது. ஒரே அறுவையைச் செய்துகொண்ட இருவரில் ஒருவருக்கு ஒன்றுமில்லை, மற்றவர் கழிவறையே கதி என்று கிடக்கிறார் என்றால், பழி முழுவதையும் இல்லாத பையின் மேல் போட்டுவிட முடியாது. கல்லீரலின் வேகம், குடலின் உறிஞ்சும் திறன், பெருங்குடலின் சகிப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரு சோதனை இருக்கிறது. மிகக் குறைந்த கதிரியக்கமுள்ள செலினியம் சேர்த்த செயற்கைப் பித்த அமிலத்தை மாத்திரையாக விழுங்கச் சொல்லி, ஏழு நாள் கழித்து உடலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளப்பார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் அமிலம் அதிகமாக வெளியேறுகிறது என்று பொருள். அமெரிக்காவில்கூட இந்தச் சோதனைக்கு அனுமதி இல்லை. வசதி இல்லாத இடங்களில் மருத்துவர்கள் செய்வது எளிய காரியம்: மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது. கொலஸ்டிரமின் என்ற தூள், பித்த அமிலத்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். உடலுக்குள் உறிஞ்சப்படுவதே இல்லை. கொலஸ்டிராலைக் குறைக்கத்தான் இது முதலில் பரவலாகப் பயன்பட்டது. பித்த அமிலம் வெளியேற வெளியேற, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் அல்லவா? ஸ்டாட்டின் மாத்திரைகள் வந்தபின் அந்த வேலைக்கு இதன் தேவை குறைந்தது. வயிற்றுப்போக்கு பித்த அமிலத்தால்தான் என்றால், இந்தத் தூளைத் தொடங்கிய சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். மணல் கரைத்ததுபோன்ற அதன் ருசியைத் தாங்க முடியாதவர்களுக்கு, கொலிசெவலாம் என்ற மாத்திரை வடிவமும் உண்டு.

இந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டும் பற்றுவதில்லை, கூடப் போகும் மற்ற மருந்துகளையும் பற்றிக்கொள்ளும். பித்தப்பைக் கல் அதிகம் வருவது நடுவயதுப் பெண்களுக்கு. தைராய்டு மாத்திரை அதிகம் சாப்பிடுவதும் அவர்கள்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் தைராய்டு மாத்திரை வீணாகிவிடும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினுக்கும் இதே கதி. வேறு மாத்திரைகளை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் பின்போதான் போட வேண்டும். நெடுநாள் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையக்கூடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானே சாப்பிட்டுப் பார்க்கும் மருந்தல்ல இது.

மருந்துக்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதன் அளவைக் கூட்டியிருந்தால், பழி பித்தப்பையின் மேல் விழுந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாமை, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சில இனிப்பூட்டிகள் ஆகியவையும் அப்படித்தான்.

சாப்பாட்டைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சி. "எண்ணெயே கூடாது, ஆயுசுக்கும் இட்லியும் மோர்சாதமும்தான்" என்பது ஒன்று. "டாக்டரே சொல்லிவிட்டார், எல்லாம் சாப்பிடு" என்று பதினைந்தாம் நாளே பரோட்டாவைத் தட்டில் வைப்பது மற்றொன்று. முதல் சில வாரங்களுக்குக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், வேகவைத்த காய், அவித்த மீன் என்று எண்ணெயைக் குறைத்துச் சாப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. அதன்பிறகு கொழுப்பை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. எண்ணெயைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் இருந்து, உடம்பு இளைத்து, வைட்டமின் குறைந்து வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளில் எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, ஒரு வேளையில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. தேக்கி வைத்த பித்தநீர் மொத்தமாக வந்து கைகொடுக்காது என்பதால், மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தால் வயிறு சமாளிக்கும். தோசைக்கு ஊற்றும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 5 கிராம்தான். அது யாரையும் எதுவும் செய்யாது. வடை, பஜ்ஜி, நெய் வழியும் பொங்கல், அதற்கு மேல் ஒரு பாதாம் அல்வா என்று ஒரே வேளையில் ஏறும்போதுதான் சிக்கல். நாள் முழுக்க விரதம் இருந்துவிட்டு இரவில் விருந்து சாப்பிடுவதும் அதே ரகம். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங்கான ஃபில்டர் காபி பெருங்குடலைத் தட்டி எழுப்பும் என்பதால், தொல்லை உள்ளவர்கள் அதைப் பலகாரத்துக்குப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய சங்கிலி கொண்ட கொழுப்புகளுக்குப் பித்தநீர் அவ்வளவாகத் தேவையில்லை என்பது உண்மை. தேங்காய் எண்ணெய் அந்த வகைதான், எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். பித்தநீர் அவ்வளவாகத் தேவைப்படாதது என்று மருத்துவமனைகளில் பயன்படுத்தும் ஒரு தனி எண்ணெயில் இருப்பதோ, அதைவிடச் சிறிய சங்கிலிகள். தேங்காய் எண்ணெயில் அவற்றின் பங்கு சிறிதே. அவியலுக்கு ஊற்றலாம். மருந்தென்று ஊற்ற வேண்டாம்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கான சரக்கு என்றே நமக்குப் பழக்கம். வயிற்றுப்போக்குக்கு அதை எழுதிக் கொடுத்தால் மருத்துவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நீரை உறிஞ்சிக் கூழாகும் இந்த வகை நார்ச்சத்து, இளகிய மலத்துக்குக் கட்டுக்கொடுக்கும், கொஞ்சம் பித்த அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும். சிறிய அளவில் தொடங்கினால் உப்புசம் அவ்வளவாக வராது. ஓட்ஸ், வாழைப்பழம் ஆகியவற்றிலும் இந்த நார் உண்டு.

இரண்டாமவரின் உப்புசமும் ஏப்பமும் பெரும்பாலும் பித்தப்பையை எடுப்பதற்கு முன்பே இருந்தவை. இரைப்பை அழற்சி, புண், எதுக்களிப்பு, குடல் எரிச்சல் எல்லாம் கல்லோடு கூடவே ஒரே வயிற்றில் குடியிருக்கும். ஸ்கேனில் கல் தெரிந்ததும் எல்லாக் குற்றமும் அதன் மேல் ஏற்றப்படுகிறது. சிலருக்கு மட்டும் பித்தநீர் மேல்நோக்கி இரைப்பைக்குள் ஏறி அங்கே அழற்சியை உண்டாக்கும். அமில மாத்திரையால் மட்டும் அது முழுதாகத் தீராது, எண்டோஸ்கோப்பி செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாமவரின் வலிக்கும் இதே முன்கதைதான். கல்லால் வரும் வலிக்கு ஒரு முகம் உண்டு. மேல்வயிற்றிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ பிடித்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், சில மணி நேரம்வரை நீடித்து, வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவி, பிறகு விட்டுப்போகும். பல நாள், பல வாரம் கழித்து மறுபடி வரும். தினமும் சாப்பிட்டவுடன் வயிறு ஊதுவது அந்த முகமல்ல. பித்தப்பையில் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் அது ஒரு தொல்லையும் தருவதில்லை. அப்படியும் அறுவைகள் பெருகியதற்கு ஒரு பின்னணி உண்டு. ஜெர்மனியின் போப்லிங்கன் ஊரில் எரிக் ம்யூஹெ 1985இல் முதன்முதலாக லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுத்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா அதை இந்தியாவில் செய்துகாட்டினார். அதன்பிறகு இந்த அறுவை இரண்டு நாள் காரியம் ஆகிவிட்டது. எளிதானபின் எண்ணிக்கையும் கூடியது. நல்லதுதான். ஆனால் "எதற்கும் எடுத்துவிடலாம்" என்ற மனநிலையும் கூடவே வந்தது என்பது என் எண்ணம். நெதர்லாந்தில் 1,067 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கல்லும் வயிற்றுவலியும் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் முடிவெடுத்தார்கள். மற்றவர்களில் கல்வலியின் முகம் தெளிவாக இருந்தவர்களுக்கு மட்டும் அறுவை. ஓராண்டு கழித்து வலியே இல்லை என்றவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம், இரண்டாவதில் 56 சதவீதம். எந்த வழியில் போனாலும் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வலி மிச்சம்.

பை போனபின்னும் உண்மையான பித்தவலி வருகிறதென்றால், பித்தநாளத்தில் கல் தங்கியிருக்கலாம், புதிதாகவும் உருவாகியிருக்கலாம். கொலஸ்டிரால் கற்கள் வட இந்தியாவில் அதிகம். தெற்கே நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். நிறமிக் கற்களில் பழுப்பு வகை, கிருமித்தொற்று உள்ள நாளத்திலேயே பிறக்கக்கூடியது. ஆகவே பை இல்லை என்பதால் கல்லும் இல்லை என்று எழுதித் தர முடியாது.

இன்னொரு சந்தேக நபர், பித்தநாளத்தின் வாயைக் காக்கும் அந்தச் சுருக்குத்தசை. பெருஜியாவில் மாணவராக இருந்தபோதே, 1887இல், ருஜெரோ ஓடி அதை விவரித்தார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. பித்தப்பையை எடுத்த நாய்களில் பித்தநாளம் விரிந்துபோவதையும் அவர் கவனித்தார். இன்று ஸ்கேன் அறிக்கையில் "பித்தநாளம் சற்று விரிந்திருக்கிறது" என்ற வரியைப் பார்த்துப் பதறி வருகிறவர்களுக்கு அந்தப் பழைய நாய்க்கதை ஆறுதல். வேறு அறிகுறியும் இல்லாமல், இரத்தச் சோதனையும் சரியாக இருந்தால், சிறிய விரிவு பெரும்பாலும் அறுவையின் தடயம் மட்டுமே. இந்தத் தசை இறுகிக்கொள்வதால்தான் வலி என்று நம்பி, குழாய் விட்டு அதை வெட்டுவது பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தது. சோதனைகளில் எந்தக் கோளாறும் தெரியாமல் வலி மட்டும் இருந்த 214 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு உண்மையாக வெட்டினார்கள். சிலருக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும். 2014இல் வந்த முடிவு: வெட்டியவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குணம், பாவனை செய்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு. அந்த வகை வலிக்குக் கத்தியைத் தூக்குவது அதோடு ஓய்ந்திருக்க வேண்டும். இன்றும் யாராவது அதைப் பரிந்துரைத்தால், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் தனி. கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து மலம் வெளுப்பது, குளிரோடு காய்ச்சல், விடாத வலியும் வாந்தியும் ஆகியவை பித்தநாளம் அடைபட்டதற்கோ காயம்பட்டதற்கோ அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இவற்றுக்கும் "பித்தப்பை எடுத்ததால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் காரணம் தேட வேண்டும். ஆபரேஷன் முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தாலும் இது பொருந்தும்.